முதல்தரம் ஓஎஸ் சோதனை எடுப்பவர்களுக்கு

இரண்டாம் வருடத்தில் ஓஎஸ் (ஒபரேட்டிங் சிஸ்டம், பணிசெயல் முறைமை) பாடத்தை நான் எப்படிப் படித்தேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், நீங்கள் அப்படிப் படிக்கக் கூடாது என்பதற்காக. ஏஎல்லுக்கு அசேதன இரசாயனம் பாடமாக்கிய அதே பழக்கத்தில் லெக்சர் ஸ்லைட்டுகள் முழுவதையும் பிரிண்ட் எடுத்து, மஞ்சள் ஹைலைட்டரால் கோடு போட்டு, விடியப்புறம் நாலு மணிக்கு எழும்பி வாய்விட்டுப் பாடமாக்கினேன். டெட்லொக்குக்கு (ஒருவரையொருவர் காத்துக்கொண்டு எல்லோரும் நின்றுபோவது) வரைவிலக்கணம் கேட்டால் நித்திரையிலும் சொல்லுவேன். மண்டபத்தில் பேப்பரைத் திருப்பினால் வரைவிலக்கணம் கேட்டிருந்தது மொத்தமே இரண்டு இடத்தில். மிச்சமெல்லாம் இந்த அட்டவணையைப் பார்த்துக் கட்டம் வரை, இந்த நிரல் எத்தனை தரம் அச்சிடும் என்று சொல், இந்த முகவரி எங்கே போய் விழும் என்று கண்டுபிடி. அடுத்த வருடம் ஜூனியர் பச்சோடு சேர்ந்து ரிப்பீட் எழுதினேன்.

ரிப்பீட்டுக்குப் படித்தது 2022இல். பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்த காலம் ஞாபகம் இருக்கும். போனிலும் லப்டொப்பிலும் சார்ஜ் இல்லை, ஸ்லைட்டைத் திறக்க வழியில்லை, யாழ்ப்பாணம் கொக்குவிலில் எடுத்திருந்த அறையின் விறாந்தையில் மெழுகுதிரியை வைத்துக்கொண்டு பழைய கொப்பியின் பின்பக்கங்களில் பென்சிலால் கட்டம் கட்டமாகப் போட்டுப் பார்த்தேன், வேறு ஒன்றும் செய்ய முடியாததால். அந்த மூன்று வாரத்தில்தான் பாடம் விளங்கியது. கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்தக் கொப்பியிலிருந்து வந்தவை.

முதலில் பேப்பர், பிறகு ஸ்லைட்

கம்பஸைச் சுற்றியுள்ள போட்டோகொப்பிக் கடைகளிலோ மூத்த பச் அண்ணைமாரிடமோ கடந்த ஐந்து வருடப் பாஸ்ட் பேப்பர்களை எடுங்கள். விடைகளைத் தேடாதீர்கள், அது பிறகு. ஒரு தாளில் பாடத்தின் பெரிய தலைப்புகளை எழுதி (புரொசெஸ், ஸ்கெடியூலிங், சிங்க்ரனைசேஷன், டெட்லொக், மெமரி, ஃபைல் சிஸ்டம், டிஸ்க்) ஒவ்வொரு கேள்வியும் எதற்குள் வருகிறது, எத்தனை புள்ளி என்று குறியுங்கள். ஒரு பின்னேரம் போதும். எந்தத் தலைப்பில் கணக்கு வருகிறது, எதில் விளக்கம் கேட்கிறார்கள் என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். விரிவுரையாளர் மாறியிருந்தால் பழைய பேப்பரை அப்படியே நம்ப வேண்டாம்; அவர் வகுப்பில் கரும்பலகையில் செய்துகாட்டிய கணக்குகளுக்கு முதலிடம் கொடுங்கள்.

காலம் என்று பார்த்தால் மூன்று வாரம் நிதானமாகப் போதும், ஒரு வாரத்திலும் செய்யலாம், நித்திரை போகும். ஸ்டடி லீவ் நல்லூர்த் திருவிழாவோடு சேர்ந்து வந்தால் 25 நாளும் பின்னேரம் கோயில் வீதிக்குப் போய் வந்துவிட்டு இரவு படிக்கலாம் என்று திட்டம் போடாதீர்கள். போட்டுப் பார்த்தவன் சொல்கிறேன்.

தமிழ் மீடியத்தில் ஏஎல் ஐசிடி படித்தவர்களுக்குப் பணிசெயல் முறைமை என்ற சொல் பழக்கம். அந்தப் பாடத்தில் வந்த அடிப்படை அப்படியே உதவும், ஆனால் அங்கே பெயர் சொல்லி நிறுத்திய இடத்தில்தான் இங்கே கேள்வி ஆரம்பிக்கிறது.

ஃபோர்க்கை ஓட்டிப் பார்ப்பது

கேர்னல் மோட், யூசர் மோட், சிஸ்டம் கோல், இன்டரப்ட் இவற்றுக்கு ஒரு நாளுக்கு மேல் மினக்கெட வேண்டாம். சாதாரண நிரல் டிஸ்க்கை நேரே தொட முடியாது, ஓஎஸ்ஸின் மையப் பகுதியான கேர்னலிடம் கேட்க வேண்டும், கேட்கும் வழிதான் சிஸ்டம் கோல், கேட்கும்போது சிபியூ மோட் மாறுகிறது. இதை உங்கள் சொந்த வசனத்தில் நான்கு வரியில் எழுத முடிந்தால் போதும். புரொசெஸின் (ஓட்டத்துக்கு எடுக்கப்பட்ட நிரலின்) ஐந்து நிலைகளையும் (புதியது, ரெடி, ஓடுவது, காத்திருப்பது, முடிந்தது) அம்புக்குறிகளோடு வரையப் பழகுங்கள். எல்லோரும் தவறவிடும் அம்பு ஒன்று உண்டு: காத்திருக்கும் புரொசெஸ் நேரே ஓடுவதற்குப் போகாது, முதலில் ரெடி வரிசைக்குத்தான் வரும்.

ஃபோர்க்குக்கு மட்டும் லப்டொப்பைத் திறங்கள். விண்டோஸ் என்றால் டபிள்யூஎஸ்எல்லில் (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி) உபுண்டு போட்டுக்கொள்ளலாம். ஃபோர்க் கூப்பிட்டவுடன் ஒரு புரொசெஸ் இரண்டாகிறது, பிள்ளைக்கு 0 கிடைக்கிறது, தாய்க்குப் பிள்ளையின் இலக்கம் கிடைக்கிறது, இரண்டும் அடுத்த வரியிலிருந்து தொடர்கின்றன. மூன்று ஃபோர்க்கை அடுத்தடுத்து எழுதினால் மொத்தம் 8 புரொசெஸ், அதில் புதியவை 7. மரம் வரைந்து எண்ணுங்கள், சூத்திரத்தை நம்பிப் போனால் நடுவில் ஒரு இஃப் வந்தவுடன் எல்லாம் குழம்பும்.

இனிக் கொஞ்சம் சுவையான இடம். மூன்று தரம் சுற்றும் லூப் ஒன்றுக்குள் முதலில் ஃபோர்க், அடுத்த வரியில் ஒரு எழுத்தை அச்சிட்டுப் புதுவரி. எத்தனை எழுத்து வரும்? முதல் சுற்றில் 2, பிறகு 4, பிறகு 8, ஆக 14. டேர்மினலில் ஓட்டினால் 14தான் வரும். அதே நிரலின் வெளியீட்டை ஒரு ஃபைலுக்குள் திருப்பிவிட்டு எண்ணிப் பாருங்கள், 24 இருக்கும். ஃபைலுக்குப் போகும்போது பிரிண்ட்எஃப் உடனே எழுதாமல் பஃபரில் சேர்த்து வைக்கிறது, ஃபோர்க் அந்தப் பஃபரையும் சேர்த்தே பிரதி எடுக்கிறது, கடைசியில் 8 புரொசெஸ்களும் ஆளுக்கு 3 எழுத்தைக் கொட்டுகின்றன. ஃபோர்க் முழு நினைவகத்தையும் பிரதி எடுக்கிறது என்ற ஸ்லைட் வசனம் எனக்கு விளங்கியது இந்த 24ஐப் பார்த்த அன்றுதான். சோதனையில் வேறொன்றும் சொல்லாவிட்டால் 14 எழுதுங்கள்.

திரெட்டுக்கு (ஒரே புரொசெஸுக்குள் தனித்தனியாக ஓடும் ஓட்டங்கள்) ஒரே ஒரு விஷயம். கோட், டேட்டா, ஹீப் பொது. ஸ்டாக், ரெஜிஸ்டர், புரோகிராம் கவுண்டர் ஆளுக்கு ஒன்று.

ஸ்கெடியூலிங்: புள்ளி எடுக்கச் சுலபமான இடம், விடவும் சுலபமான இடம்

எந்தப் புரொசெஸுக்கு எப்போது சிபியூ என்று தீர்மானிப்பதுதான் ஸ்கெடியூலிங். மூன்று புரொசெஸ் எடுப்போம். அ என்பது 0இல் வருகிறது, 6 அலகு வேலை. ஆ 1இல் வருகிறது, 3 அலகு. இ 2இல் வருகிறது, 2 அலகு. பென்சிலை எடுங்கள், வாசித்துக்கொண்டு போகாதீர்கள்.

வந்த ஒழுங்கில் ஓட்டினால் அ 0–6, ஆ 6–9, இ 9–11. முடிந்த நேரத்திலிருந்து வந்த நேரத்தைக் கழித்தால் டேர்ன்அரவுண்ட், அதிலிருந்து வேலை நேரத்தையும் கழித்தால் காத்திருந்த நேரம். அதன்படி 0, 5, 7, சராசரி 4. சிறிய வேலை முதலில் என்று, நடுவில் பறிக்காமல் ஓட்டினால் அ முடிந்தபின் இ, கடைசியில் ஆ: காத்திருப்பு 0, 7, 4, சராசரி 3.67. நடுவில் பறிக்கலாம் என்றால் 1இல் ஆ வந்தவுடன் அவிடமிருந்து சிபியூ போய்விடும் (மிச்சம் 5, வந்தது 3), ஆ 4 வரை, இ 6 வரை, பிறகு அ 11 வரை. காத்திருப்பு 5, 0, 2, சராசரி 2.33.

இப்போது ரவுண்ட் ரொபின் (முறை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டுவது), குவாண்டம் (ஒரு முறைக்குக் கிடைக்கும் நேரம்) 2. அ 0–2 ஓடுகிறது. நேரம் 2இல் என்ன நடக்கிறது என்று வடிவாகப் பாருங்கள். அவின் குவாண்டம் முடிகிறது, அதே கணத்தில் இ வந்து சேர்கிறது. வரிசையில் ஏற்கனவே ஆ நிற்கிறது. அடுத்து யார், இயா அவா? நான் ஜூனியர்களுக்குக் குப்பி (மாணவர்கள் தாங்களே சேர்ந்து படிக்கும் வகுப்பு) எடுக்கும்போது ஒவ்வொரு முறையும் இந்த இடத்தில் யாராவது ஒரு பிள்ளை, "அண்ணை, இரண்டு பேரும் ஒண்டாத்தானே வாறினம்?" என்று கேட்கும். கேள்வி சரி. புதிதாக வந்தவருக்கு முதலிடம் என்பதுதான் பலரும் எடுக்கும் வழக்கம். அப்படியானால் அ 0–2, ஆ 2–4, இ 4–6, அ 6–8, ஆ 8–9, அ 9–11. காத்திருப்பு 5, 5, 2, சராசரி 4. மாறி அ என்பதை முதலில் விட்டால் இ முடிவது 8இல், அதன் காத்திருப்பு 4 ஆகிவிடும், சராசரி 4.67. ஒரே கணக்கு, இரண்டு விடை. ஆகவே விடைத்தாளின் முதல் வரியில் எந்த எடுகோளை வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு வசனம் எழுதுங்கள். உங்கள் விடை திருத்துபவரின் விடையிலிருந்து மாறினாலும் ஏன் மாறியது என்று அவருக்குத் தெரியும்.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். வந்த ஒழுங்கிலும் சராசரி 4, ரவுண்ட் ரொபினிலும் 4. அப்போ எதற்கு இந்தக் கரைச்சல்? முதல்தரம் சிபியூ கிடைக்கும் வரை எவ்வளவு நேரம் என்று பாருங்கள்: முன்னதில் 0, 5, 7, பின்னதில் 0, 1, 2. திரைக்கு முன்னால் ஒரு மனிதர் இருக்கும் கொம்பியூட்டருக்கு அந்த வித்தியாசம்தான் முக்கியம். ரவுண்ட் ரொபின் ஏன் என்று கேட்டு ஐந்து புள்ளி போட்டிருந்தால் "நியாயமானது" என்ற சொல்லோடு நிறுத்தாமல் இப்படி எண்ணோடு எழுதுங்கள். குவாண்டத்தை மிகச் சிறிதாக்கினால் மாற்றும் வேலைக்கே நேரம் போய்விடும், மிகப் பெரிதாக்கினால் அது வந்த ஒழுங்கு முறையாகவே ஆகிவிடும் என்பதையும் சேருங்கள்.

பேக்கரிக் கண்ணாடிப் பெட்டி

எங்கள் பச்சில் பாதிப் பேர் விட்டுவிட்டுப் போகும் பகுதி சிங்க்ரனைசேஷன். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் மெதுவாகப் போக வேண்டும். ஒரு எண்ணியை ஒன்றால் கூட்டுவது சி மொழியில் ஒரு வரி, சிபியூவுக்கு மூன்று வேலை: எடு, கூட்டு, திருப்பி வை. இரண்டு திரெட், எண்ணி 0இல் தொடக்கம், ஆளுக்கு 1000 தரம் கூட்டுகிறார்கள், லொக் இல்லை. ஆகக் குறைந்த விடை என்ன? கேட்டால் எல்லோரும் 1000 என்பார்கள். விடை 2. முதலாவது திரெட் 0ஐ எடுத்துக்கொண்டு நிற்கட்டும். இரண்டாவது 999 தரம் கூட்டி முடிக்கட்டும். இப்போது முதலாவது தான் எடுத்த 0ஐக் கூட்டி 1 என்று வைக்கிறது, 999உம் போச்சு. இரண்டாவது தன் கடைசிச் சுற்றுக்கு அந்த 1ஐ எடுத்துக்கொண்டு நிற்கட்டும், முதலாவது மிச்ச 999ஐயும் முடிக்கட்டும், பிறகு இரண்டாவது 2 என்று வைத்துவிட்டுப் போகிறது. இதைத் தாளில் இடப்பக்கம் ஒரு திரெட், வலப்பக்கம் மற்றது என்று எழுதி வரி வரியாக ஓட்டிப் பார்த்தால் ரேஸ் கண்டிஷன் என்றால் என்ன என்று பிறகு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

செமஃபோருக்கு பேக்கரியை நினையுங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஐந்து தட்டு, பின்னால் பணிஸ் போட்டுக் கொண்டுவந்து வைப்பவர், முன்னால் எடுத்து விற்பவர், பெட்டிக்கு ஒரே ஒரு திறப்பு. எம்ப்டி (வெறும் தட்டு) 5, ஃபுல் (நிறைந்த தட்டு) 0, மியூட்டெக்ஸ் (திறப்பு) 1. இந்த மூன்று எண்களும்தான் செமஃபோர்: வெயிட் என்றால் ஒன்றைக் குறைப்பது, 0 என்றால் கூடும்வரை நிற்பது, சிக்னல் என்றால் ஒன்றைக் கூட்டுவது. வைப்பவர் முதலில் வெறும் தட்டு இருக்கிறதா என்று எம்ப்டியில் வெயிட் செய்கிறார், பிறகு திறப்புக்கு மியூட்டெக்ஸில் வெயிட், பணிஸை வைக்கிறார், திறப்பை விடுகிறார், ஃபுல்லுக்குச் சிக்னல். விற்பவர் ஃபுல்லில் வெயிட், திறப்புக்கு வெயிட், எடுக்கிறார், திறப்பை விடுகிறார், எம்ப்டிக்குச் சிக்னல்.

இனி முதல் இரண்டு வரியையும் இடம் மாற்றுங்கள். பெட்டி நிறைந்திருக்கிறது. வைப்பவர் திறப்பை முதலில் எடுத்துக்கொண்டு வெறும் தட்டு வரட்டும் என்று நிற்கிறார். விற்பவர் ஒரு பணிஸை எடுத்தால்தான் தட்டு வெறுமையாகும், எடுக்கத் திறப்பு வேண்டும், திறப்போ மற்றவர் கையில். கடை அப்படியே நிற்கும். இந்த வரிகளை மாற்றினால் என்ன ஆகும் என்று கேட்டால் டெட்லொக் என்ற ஒரு சொல்லை எழுதிவிட்டு வராமல் யார் எதை வைத்துக்கொண்டு எதற்கு நிற்கிறார் என்று எழுதுங்கள். புள்ளி அதற்குத்தான். கடைசி இரண்டு சிக்னலை மாற்றினால் ஒன்றும் ஆகாது, அதையும் சிலர் டெட்லொக் என்று எழுதுவார்கள்.

செமஃபோரைக் கொண்டுவந்தவர் நெதர்லாந்துக்காரரான டைக்ஸ்ட்ரா. பேப்பரில் வெயிட், சிக்னல் என்று இல்லாமல் பி, வி என்று இருந்தால் அவை டச்சுச் சொற்களின் முதலெழுத்துகள், திடுக்கிட வேண்டாம்.

ஒழுங்கைக்குள் இரண்டு வாகனம்

டெட்லொக்கின் நான்கு நிபந்தனைகள் 1971இல் கொஃப்மனும் சகபாடிகளும் எழுதியவை. எங்கள் ஊர் ஒழுங்கை ஒன்றை எடுங்கள், இரண்டு பக்கமும் மதில், ஒரு பக்கத்தால் லாண்ட்மாஸ்டர், மறுபக்கத்தால் ஓட்டோ, நடுவில் முகத்துக்கு முகம். ஒரு இடத்தில் ஒரு வாகனம்தான் நிற்கலாம், நிற்கும் இடத்தை விடாமல் மற்ற இடத்தைக் கேட்கிறார்கள், யாரையும் தூக்கி எறிய முடியாது, இவர் அவருக்குக் காத்திருக்க அவர் இவருக்குக் காத்திருக்கிறார். நான்கில் ஒன்று உடைந்தாலும் பிரச்சினை தீரும். லாண்ட்மாஸ்டர்காரர் பெட்டியோடு ரிவேர்ஸ் எடுக்கச் சம்மதித்தால் எந்த நிபந்தனை உடைகிறது என்று நீங்களே யோசியுங்கள்.

டெட்லொக் வராதபடி பார்த்து வளம் கொடுக்கும் பாங்கர்ஸ் அல்கோரிதம் வாடகைக் கதிரைக் கணக்கு. கடைக்காரரிடம் 100 கதிரை. கலியாண வீடு ஆகக் கூடியது 80 கேட்கும் என்று சொல்லி இப்போது 40 எடுத்திருக்கிறது, பிறந்தநாள் வீடு 40இல் 20, சாமத்திய வீடு 70இல் 20. கையில் மிச்சம் 20. இன்னும் தேவைப்படக்கூடியது முறையே 40, 20, 50. பிறந்தநாள் வீட்டுக்கு 20ஐயும் கொடுத்தால் முடித்துவிட்டு 40ஐத் திருப்பும், அதைக் கலியாண வீட்டுக்குக் கொடுத்தால் 80 வரும், பிறகு சாமத்திய வீடு. ஆக இது சேஃப். இப்போது சாமத்திய வீடு இன்னும் 10 கேட்கிறது. கொடுத்தால் மிச்சம் 10, தேவை 40, 20, 40. யாருடைய தேவையையும் முழுதாக நிரப்ப முடியாது, அன்சேஃப், ஆகவே கொடுக்கக் கூடாது. அன்சேஃப் என்றால் டெட்லொக் நடந்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். பிறந்தநாள் வீடு 20 கதிரையோடேயே கேக்கை வெட்டி முடித்துவிடவும் கூடும், அதற்கு உத்தரவாதம் இல்லை என்பதுதான் அன்சேஃப். பேப்பரில் மூன்று நான்கு வளங்களோடு பெரிய அட்டவணையாக வரும், வேலை இதே வேலைதான், நீட் (இன்னும் தேவைப்படக்கூடியது) அட்டவணையைத் தனியாக எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.

மெமரிக் கணக்கு

இங்கே எல்லாம் 2இன் வலு. 1024இன் மடங்குகள் மனதில் ஓட வேண்டும், கல்குலேட்டருக்கு அனுமதி இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். புரொசெஸின் நினைவகத்தைச் சம துண்டுகளாக வெட்டினால் ஒவ்வொன்றும் பேஜ், உண்மை மெமரியில் அது போய் இருக்கும் இடம் ஃப்ரேம், எது எங்கே என்ற பட்டியல் பேஜ் டேபிள். ஒரு கிலோபைட் பேஜ், முகவரி 5000. 1024ஆல் பிரித்தால் 4, மீதி 904. பேஜ் 4, ஒஃப்செட் 904. பேஜ் டேபிளில் 4ஆவது பேஜ் 9ஆவது ஃப்ரேமில் என்றால் உண்மை முகவரி 9×1024+904, அதாவது 10120. பேஜ் எண்ணிக்கை 0இலிருந்து தொடங்குகிறது என்பதை மறந்தவர்கள்தான் இதில் பிழைவிடுவது.

32 பிட் முகவரி, 4 கிலோபைட் பேஜ் என்றால் ஒஃப்செட்டுக்கு 12 பிட், பேஜ் இலக்கத்துக்கு 20 பிட். பத்து லட்சத்துக்கும் மேல் பதிவுகள், ஒன்றுக்கு 4 பைட் என்றால் ஒரு புரொசெஸின் பேஜ் டேபிளுக்கே 4 மெகாபைட். இதை எழுதிக் காட்டிவிட்டு அதனால்தான் பல அடுக்கு பேஜ் டேபிள் தேவைப்படுகிறது என்று சொன்னால் விளக்கம் தானாக நிற்கும்.

டிஎல்பி (பேஜ் டேபிளின் சில பதிவுகளை வைத்திருக்கும் வேகமான சிறிய நினைவகம்) கணக்கில் ஒரு பொறி. மெமரி 100 நானோசெக்கன், டிஎல்பி பார்க்க 10, நூற்றுக்கு 90 தரம் கிடைக்கிறது. கிடைத்தால் 110. கிடைக்காவிட்டால் 210, ஏனென்றால் பேஜ் டேபிளுக்கு ஒரு தரம், டேட்டாவுக்கு ஒரு தரம் என்று மெமரிக்கு இரண்டு தரம் போக வேண்டும். 0.9×110 + 0.1×210 = 120. இரண்டாவதை 110 என்று வைப்பவர்கள் நிறைய.

பேஜ் மாற்றும் கணக்குக்கு ஒரே ஒரு வரிசையைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள்: 1, 2, 3, 4, 1, 2, 5, 1, 2, 3, 4, 5. ஃபைஃபோவில் (முதலில் வந்த பேஜை முதலில் வெளியேற்றுவது) மூன்று ஃப்ரேம் கொடுத்தால் 9 ஃபோல்ட் (கேட்ட பேஜ் மெமரியில் இல்லாத தடவைகள்), நான்கு கொடுத்தால் 10. இடம் கூடியிருக்கிறது, ஃபோல்டும் கூடியிருக்கிறது. 1969இல் பெலடியும் கூட்டாளிகளும் காட்டிய விசித்திரம் இது, பெலடிஸ் அனோமலி என்ற பெயரில் கேட்பார்கள். நெடுநேரம் தொடாத பேஜை வெளியேற்றும் எல்ஆர்யூவில் இது நடக்காது. நான் மெழுகுதிரி வெளிச்சத்தில் முதல்தரம் செய்தபோது 10 வந்ததைப் பார்த்துப் பிழை என்று நினைத்து இரண்டு தரம் அழித்துவிட்டுத் திரும்பச் செய்தேன்.

ஃபைல் சிஸ்டமும் டிஸ்க்கும்

கெதியாகப் பார்த்துவிடலாம். ஐநோட் (ஒரு ஃபைலின் புளொக்குகள் எங்கே என்று சுட்டும் பதிவு) கணக்கு ஒன்றே ஒன்று: 12 நேரடிச் சுட்டி, 4 கிலோபைட் புளொக், சுட்டி 4 பைட் என்றால் நேரடியாக 48 கிலோபைட், ஒற்றை இன்டிரெக்ட் (சுட்டிகளே நிறைந்த ஒரு புளொக்) 1024 சுட்டியால் 4 மெகாபைட், இரட்டைக்கு 4 கிகாபைட். ஒவ்வொரு படியிலும் 1024ஆல் பெருகுகிறது, அவ்வளவுதான். டிஸ்க் ஸ்கெடியூலிங்கில் ஸ்கான் என்றால் தலை டிஸ்க்கின் அந்தம் வரை போய்த் திரும்பும், லுக் என்றால் கடைசிக் கோரிக்கையோடு திரும்பும். இந்த இரண்டையும் குழப்பாமல் இருந்தால் புள்ளி நிச்சயம்.

தமிழில் கதைத்து ஆங்கிலத்தில் எழுதுவது

தமிழ் மீடியத்திலிருந்து வந்து ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கு ஓஎஸ்ஸை விட வசனம்தான் பிரச்சினை. எனக்கும் அப்படித்தான். ஸ்லைட்டின் ஆங்கிலத்தைப் பாடமாக்கினால் கேள்வி கொஞ்சம் திரும்பியவுடன் அந்த வசனம் பொருந்தாது. நான் பிறகு செய்தது, குப்பியில் முதலில் முழுக்கத் தமிழில் சொல்லிக் காட்டுவது, தொழில்நுட்பச் சொல் மட்டும் ஆங்கிலத்தில். ஸ்டார்வேஷனுக்கும் டெட்லொக்குக்கும் வித்தியாசம் என்ன? ஒன்றில் மற்றவர்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள், எனக்கு மட்டும் முறை வருவதில்லை. மற்றதில் ஒருவரும் போகவில்லை. இது வாயில் தடுக்காமல் வந்தபின் அதையே சின்னச் சின்ன ஆங்கில வசனமாக எழுதிப் பாருங்கள். ஒரு வசனத்துக்கு ஒரு விஷயம். இலக்கணம் கொஞ்சம் தடுமாறினாலும் பரவாயில்லை, யார் எதற்குக் காத்திருக்கிறார் என்பது தடுமாறக் கூடாது.

குப்பிக்கு மூன்று, நான்கு பேருக்கு மேல் சேராதீர்கள். பத்துப் பேர் சேர்ந்தால் ஒருவர் படிப்பிப்பார், இரண்டு பேர் கேட்பார்கள், மிச்சப் பேர் ரோல்ஸ் வாங்கத் திருநெல்வேலிச் சந்திக்குப் போயிருப்பார்கள். விளங்கியவர் சொல்லிக்கொடுப்பதை விட விளங்காதவர் எழும்பி வந்து கட்டத்தைப் போடுவது நல்லது, எங்கே தடுமாறுகிறார் என்று உடனே தெரியும்.

முதல் நாள் இரவும் மண்டபமும்

முதல் நாள் இரவு புதிதாக ஒன்றும் திறக்க வேண்டாம். ஒரு வெறும் தாளில் ஞாபகத்திலிருந்து ஐந்து நிலைப் படம், பேக்கரி நிரல், பெலடி வரிசையின் இரண்டு அட்டவணை மூன்றையும் எழுதுங்கள். தடுக்கினால் அந்த இடத்தை மட்டும் பார்த்துவிட்டுப் படுங்கள். பென்சில், அடிமட்டம், அழிறப்பர் எடுத்து வையுங்கள், கட்டத்தைப் பேனையால் போட்டுப் பிழைத்தால் வெட்டிக்கொத்தி யாருக்கும் விளங்காது.

பேப்பர் கிடைத்ததும் நிமிடத்தைப் புள்ளியால் பிரியுங்கள். 120 நிமிடம், 100 புள்ளி என்றால் 8 புள்ளிக் கேள்விக்குப் பத்து நிமிடத்துக்கும் குறைவு. பாங்கர்ஸ் அட்டவணையில் சிக்கிக்கொண்டால் நேரம் போவதே தெரியாது, கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் முன்னால் வையுங்கள். ஸ்கெடியூலிங் கணக்கை முதலில் செய்வது என் பழக்கம், கை ஓடத் தொடங்கும். எடுகோளை எழுத மறக்க வேண்டாம்.

கடைசிப் பத்து நிமிடத்தைச் சரிபார்க்க வையுங்கள், அதில் முதல் வேலை கட்டங்களைக் கூட்டுவது. சிபியூ சும்மா நின்ற இடம் இல்லாவிட்டால் வேலை நேரங்களின் கூட்டுத்தொகையும் கட்டத்தின் கடைசி எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். எங்கள் அ, ஆ, இ கணக்கில் 6, 3, 2. கடைசியில் 11 என்று இல்லையா, எங்கோ ஒரு துண்டு தவறியிருக்கிறது, அழிறப்பரை எடுங்கள், இன்னும் ஒன்பது நிமிடம் இருக்கிறது.